ஆத்தங்கரையில் சுகம் விசாரிப்பு

காத்தான்குடியில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்று தெரிந்துவிட்டால் அவர் பாயில் படுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சுகம் விசாரிக்க வருகிறவர்கள் யாரைப் பார்த்துக் கண்கலங்குவது? உசனாருக்கு இந்த ஊர் வழக்கம் மிகவும் வசதியாகப் போய்விட்டது.

வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடமாகப் புடவைக்கடையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தவர். குடலின் அடிப்பக்கத்தில் புற்றுநோய். மூன்று கிழமையில் வெட்டி எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வீர்கள் என்றார் டாக்டர். அதற்குள் ஆளைத் தேற்றி எடுப்பது தாதி றொசானியின் பொறுப்பு.

"ஒப்பரேசனும் சோதனை மாதிரித்தான் காக்கா. படிக்காமப் போய் இருக்க ஏலாது" என்றார் அவர்.

தினமும் அரைமணி நேர நடை. மூன்று பந்து போட்ட குழாயை உறிஞ்சி மூச்சுப் பயிற்சி. மீன், முட்டை, பருப்பு. சிகரெட்டுக்குத் தலைமுழுக்கு. கடைசியில், வயிற்றில் ஒரு பை வைக்க வேண்டி வரலாம், மலம் அதில்தான் சேரும் என்று ஒளிக்காமல் சொல்லி, சம்மதப் படிவத்தையும் கொடுத்தார்.

உசனார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கையெழுத்து வைப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தும் விட்டார். பையைச் சுமந்துகொண்டு பள்ளிவாசலுக்குள் எப்படிக் கால் வைப்பது? அதைவிட மௌத்தாகிவிடலாம். இதை மனைவி ஸாலிஹாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

ஸாலிஹா நடக்கச் சொன்னால், "வந்த ஆக்கள உட்டுட்டு எப்பிடிகா போற?" என்பார். ஆட்களும் பிஸ்கட் பெட்டியும் முந்திரிகையுமாக வந்தபடியே இருந்தார்கள். ஒரு கிழமை பாயிலேயே கழிந்தது.

ஸாலிஹா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் பின்னேரம் அசறுத் தொழுகை முடிந்ததும் வீட்டுக் கதிரைகளையெல்லாம் பக்கத்து வீட்டு அஸீமாவிடம் அனுப்பினாள். பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டாள். பிறகு வாசலில் நின்றுகொண்டாள்.

"சுகம் விசாரிக்கிறண்டா ஆத்தங்கரைக்குப் போங்க. அங்கதான் இவர் நடக்கப் போறார்."

உட்கார இடமில்லாத உசனார், விதியே என்று செருப்பை மாட்டினார்.

காத்தான்குடிக்காரருக்கு வாவிதான் ஆறு. அதன் கரையில் முதல் நாள் நாலு பேர் கூட நடந்தார்கள். ஐந்தாம் நாள் பதினேழு பேர். சுகம் விசாரித்தால் நன்மை. தொப்பையும் கரைகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? மருமகன் இன்ஷாப் மூச்சுக் குழாயை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டான். அவனுக்கு இரண்டு பந்துதான் ஏறியது. மாமா மூன்றையும் ஏற்றி நிறுத்தினார். கரையே கைதட்டியது. உசனாருக்குப் பசித்தது, நித்திரை வந்தது, வாய்விட்டுச் சிரிப்பும் வந்தது. சாக முடிவெடுத்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் கலந்தர்லெப்பையும் கூட நடக்க வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளியில் தினமும் உசனாருக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர். மற்றவர்கள் முன்னே போய்விட, மனதில் கிடந்ததை உசனார் அவரிடம் கொட்டினார்.

"பையோட எப்பிடி மச்சான் தொழுற? பக்கத்தில நிக்கிறவன் மூக்கப் பொத்த மாட்டானா?"

கலந்தர்லெப்பை நின்றார். உசனாரின் கையைப் பிடித்துத் தன் சட்டைக்கு மேல், வயிற்றின் இடப்பக்கத்தில் வைத்தார். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

"மௌலவிட்டக் கேட்டன். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசாக் கைகால் கழுவி வுழு எடுத்தாச் சரியாம். மூணு வருசமா இந்தப் பையோட ஒனக்குப் பக்கத்திலதானே நிக்கன். நீ எப்ப மூக்கப் பொத்தின?"

உசனார் யோசித்துப் பார்த்தார். மூன்று நோன்பு, மூன்று ஹஜ்ஜுப் பெருநாள், தோளோடு தோள் முட்ட எத்தனை தொழுகை! கண்ணில் நீர் முட்ட, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பேனை இரிக்கா?"

தபால்காரரிடம் பேனை இல்லாமலா?

"குனி மச்சான்."

சட்டைக்குச் சட்டை மாறி வந்து, வேர்வையில் ஈரமாகிப்போயிருந்த படிவத்தை உசனார் அவர் முதுகில் விரித்தார். கலந்தர்லெப்பைக்குக் கூசியது, நெளிந்தார்.

"ஆடாத!" என்று அதட்டிவிட்டு, உசனார் தன் முழுப்பெயரையும் எழுதினார்.