டோக்கன் அக்காவுக்குக் கிடைத்த கடிகாரம்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். டோக்கன் அக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். நாற்பது தையல்காரிகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை டோக்கன்: நாடா கோத்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அது அவள் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவளுக்கு. போன நேரமும் வந்த நேரமும் நோட்டில் ஏறும். நாலு நிமிடம் தாண்டினால் அக்காவின் புருவமும் ஏறும்.

அந்த நோட்டில் ஒருமுறைகூட ஏறாத பெயர் அவளுடையதுதான். காலையில் வீட்டில் ஒரு தடவை, மாலையில் வீட்டில் ஒரு தடவை. பதினோரு வருடமாக இப்படித்தான். "இவங்களைப் பாத்துக் கத்துக்கங்க" என்று ஆண்டு விழாவில் மேனேஜர் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்கான பரிசு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. அதையும் அவள் ஒரு தையல்காரியை நடத்துவது போலத்தான் நடத்தினாள். அடிக்கடி எழுந்து போகச் சொல்வது சர்க்கரையின் குணம் என்று கேள்விப்பட்டதும், இருந்த தண்ணீரையும் குறைத்தாள். "உள்ள போனாத்தானே வெளிய வரும்?" என்று மகளுக்கே பாடம் எடுத்தாள். மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சிறுநீரகத்தின் குறுக்குவெட்டை வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவள். அந்தப் படத்தில் அம்மா இல்லை. அதனால் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் எரிச்சல் தொடங்கியது. சூடு பிடித்திருக்கிறது என்றாள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருதரம் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் இழுப்பறையைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, காலை ஆட்டாதீங்க. உங்க மேசை என் மெஷினைவிட வேகமா ஓடுது" என்றாள் முன் வரிசை வாயாடி.

நாலாம் நாள் குளிர் ஜுரம். விலாவுக்குப் பின்னால் யாரோ குத்துவது போல வலி. எழப்போனவள் அப்படியே சாய்ந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து தாங்கியது அதே வாயாடிதான்.

ஆஸ்பத்திரியில் சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார்கள். பதினோரு வருடம் அடக்கியவளுக்கு, கேட்டபோது பத்துச் சொட்டுக்கு மேல் வரவில்லை.

"எவ்வளவு நேரம் அடக்குவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பத்து மணி நேரம் டாக்டர்."

"பெருமையா சொல்றீங்களே!"

"கடிகாரமே குடுத்திருக்காங்க டாக்டர்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "உங்க சிறுநீர்ல சர்க்கரை இறங்குது. அதை மணிக்கணக்கா உள்ளேயே வச்சிருக்கீங்க. கிருமிக்குச் சாப்பாடும் போட்டு, படுக்க இடமும் குடுத்தா அது ஏம்மா கிளம்பும்? சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சு. எரிச்சல் நின்னாலும் மருந்தை முழுசா முடிக்கணும். நல்லா தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆகணும். இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா அந்தச் சிறுநீரகத்துக்கு நான் உத்தரவாதம் இல்ல."

நாலு நாள் ஊசி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "நான் கேட்டிருக்கணும்மா" என்றாள்.

"கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பேனாக்கும்" என்றாள் அம்மா.

வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் சீட்டை மேனேஜரிடம் நீட்டினாள். அவர் பெரிய மனதோடு சொன்னார்: "உங்களுக்கு எதுக்கு டோக்கன்? எப்ப வேணும்னாலும் போங்க. நோட்டுல எழுத வேண்டாம். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா ஆளுக்கொரு வியாதி கொண்டு வருவாங்க. அப்புறம் உங்க நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல."

இடத்துக்கு வந்து பாட்டிலில் பாதியைக் குடித்தாள். பத்து மணிக்கு வாயாடி வந்து கையை நீட்டினாள். டோக்கன் வெளியே போயிருந்தது.

"போனவ வரட்டும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அக்கா மட்டும் எழுந்தாள்.

வாயாடி நகரவில்லை. "அப்போ எங்களுக்கும் சர்க்கரை வந்தாத்தான் கதவு திறக்குமாக்கா?"

அக்காவுக்கு அவசரம். ஓட்டமும் நடையுமாகப் போனாள். உள்ளே நுழைந்தவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். வரிசையாக நாலு கதவுகள். ஒன்றில் ஆள் இருந்தது. மூன்று சும்மா கிடந்தன. இத்தனை வருடம் டோக்கனைக் காத்தவள், அது எதைத் திறக்கிறது என்று இன்றுதான் பார்த்தாள்.

திரும்பி வந்து, காலர் வெட்டும் அட்டையை எடுத்தாள். டோக்கனே வேண்டாம் என்று தூக்கிப்போடும் அளவுக்கு அவள் மாறிவிடவில்லை. சதுரமாக மூன்று துண்டு வெட்டி, நாடா கோத்தாள். ஒன்றை வாயாடியின் கையில் திணித்தாள்.

பிறகு நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள். போன நேரம் பத்து ஐந்து. வந்த நேரம் பத்து பன்னிரண்டு.

வாயாடி எட்டிப் பார்த்தாள். புருவத்தை அக்காவைப் போலவே ஏற்றினாள்.

"மூணு நிமிஷம் கூட ஆயிருக்கே?"

"ஆகும்டி. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை ஆகும்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலில் மீதி இருந்த தண்ணீரையும் குடித்து முடித்தாள்.