பூனைக்குட்டி குடித்த பால்

அம்மா வாங்கி வைத்த எவர்சில்வர் பாலாடையில் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. குடித்தது ஒரு பூனைக்குட்டி. பாலாடை என்றால், பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூக்கு நீண்ட சின்னச் சாமான். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அம்பாசமுத்திரம் பாத்திரக் கடையில் வாங்கி, வெந்நீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். பிள்ளை பிறக்குமுன் சாமான் சேர்க்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, "இதென்ன தொட்டிலா, துணிமணியா? ஒரு பாலாடைதான" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். பிற்பாடு அந்தப் பேச்சை நினைத்து நினைத்து அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விக்கிரமசிங்கபுரத்தில் மில்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மில்லில் ஷிப்ட்டு வேலை. நான் ஒன்பதாம் வகுப்பு. அண்ணனின் மனைவியைத்தான் மதினி என்கிறேன். ராதாபுரத்துக்குப் பக்கத்தில் பனைமரமும் செம்மண்ணுமாகக் கிடக்கிற ஒரு ஊர் அவளுக்கு. சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் என்பதால், பிறந்த வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பாயிற்று. அதில் அம்மாவுக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று நாள் பால் குடித்தது. நாலாம் நாள் விடியும்போது இல்லை. ஏன் என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளை போனது மதினியின் உடம்புக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவளுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். மிஞ்சுகிற பாலைப் பீய்ச்சி, எறும்பு மொய்க்காமலும் கால் படாமலும் ஒரு செடியின் மூட்டில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது கொல்லைப்புறத்துச் செம்பருத்தி. பூ வாங்கி வருவது என் வேலை. தினமும் இவ்வளவு பூவா என்று பூக்காரி ஆச்சரியப்பட்டு, "வீட்டுல என்ன பிள்ளே விசேஷம்?" என்று கேட்டாள். நான் இலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். மதினி அறையை விட்டு வெளியே வருவதில்லை. சோற்றைப் பிசைவாள், பிசைந்தபடியே வைத்துவிடுவாள். அந்த வீட்டுக்குள் மல்லிகை வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எனக்கு அந்த வாசம் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தச் சமயம்தான் கொல்லையில் விறகு அடுக்கின் பின்னால் மூன்று குட்டி போட்டிருந்த பூனை ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. குட்டிகளுக்குக் கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் விடுவேனா? பால்காரரிடம் தண்ணீர் கலக்காத பசும்பாலாகக் கேட்டு வாங்கி, துணித் திரியை நனைத்து வாயில் வைத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தன. பூனை என்றால் பால், பால் என்றால் பூனை என்று எல்லோரையும் போலத்தான் நானும் நினைத்திருந்தேன். குடித்ததெல்லாம் பின்வழியே தண்ணீராகப் போயிற்று. பால் பற்றவில்லை போல என்று இன்னும் கூடக் கொடுத்தேன். முதல் நாள் ஒன்று செத்தது. மறுநாள் இன்னொன்று. மிச்சம் இருந்தது ஒரு வெள்ளைக் குட்டி, அதற்கு ஒரு காது மட்டும் செம்பட்டை. அதுவும் தலை தூக்க முடியாமல் கிடந்தது. கொல்லையில் உட்கார்ந்து நான் சத்தமாக அழுதேன்.

என் அழுகை கேட்டுத்தான் மதினி வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் கொல்லைப்பக்கம் வருகிறாள். குட்டியைக் கையில் எடுத்து, பிடரித் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய தோல் அப்படியே மடிப்பாக நின்றது.

"இது தண்ணிக்குத் தவிக்கி புள்ள" என்றாள். "நீ பாலக் குடுத்துக் குடுத்து வயித்தக் கழுவிட்டே. ஒரு வாய் தண்ணி குடுத்தியா?"

எனக்குத் தோன்றவே இல்லை. மதினி சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னாள்: "ஆறு ஓடுத ஊரு. பூனைக்குத் தண்ணி வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல பாரு."

அவள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குக் கால் வலிக்க நடக்க வேண்டும். அதனாலேயே அங்கே எல்லா உயிரின் தாகமும் எல்லோருக்கும் தெரியும் என்றாள். அவளுடைய அப்பா உடைந்த பானையின் அடிப்பாகத்தில் பூனைக்கென்று தண்ணீர் வைப்பாராம். அதுவும் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை சீண்டாது, தள்ளி வைக்க வேண்டும். பதனீர்க் கலயத்தில் வாய் வைத்து அடி வாங்கிய ஒரு பூனையைப் பற்றிக்கூடச் சொன்னாள். நாங்களோ தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு, பூனைக்குத் தாகம் எடுக்கும் என்றே அறியாமல் இருந்தோம். எங்கள் தெருப் பூனைகள் ஆட்டுரல் குழியிலும் சொட்டுகிற குழாயடியிலும் நக்கிக்கொண்டு நின்றதை எத்தனை நாள் பார்த்திருப்பேன்! பார்த்து என்ன பிரயோசனம்?

பசும்பாலை அன்றோடு நிறுத்தச் சொன்னாள். வெந்நீரை ஆற்றி, சிட்டிகை உப்பும் சீனியும் போட்டு, பாலாடையை எடுத்துவரச் சொன்னாள். சுற்றிய வெள்ளைத் துணியோடு கொண்டுவந்து கொடுத்தேன். அவளே துணியைப் பிரித்தாள். சொட்டுச் சொட்டாக, கடைவாயில், நாள் முழுக்க விட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் குட்டி எழுந்து உட்கார்ந்தது. அன்றைக்கு மதினி தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டாள். அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பூனைக்குட்டி அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அது உண்மையும்தான்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுவிட, நான் மத்தியானமே வீடு வந்தேன். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மதினி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி. அவள் பாலாடைக்குள் தன் பாலைப் பீய்ச்சி, அதைக் குட்டியின் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தாள். "பைய, பைய. புரை ஏறிரும்" என்று அதனிடம் சொன்னாள். செம்பருத்தி மூட்டுக்குப் போக வேண்டிய பால். நான் வந்த சுவடு தெரியாமல் வெளியே போய்விட்டேன்.

அதை நான் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் கொஞ்சம், அருவருப்பு கொஞ்சம். பெரியவர்களின் விஷயம் ஒன்று என் கைக்குக் கிடைத்துவிட்ட மிதப்பும் கொஞ்சம். இந்த மூன்றாவதுதான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா வெலவெலத்துப் போனாள். பிள்ளைக்கு வந்த பாலை மிருகத்துக்குக் கொடுத்தால் அடுத்த வயிறு திறக்காது என்பது அவள் நம்பிக்கை. அம்மா கெட்டவள் இல்லை. மருமகளை இன்னொரு பிள்ளையோடு பார்த்துவிட வேண்டும் என்று தவித்தவள், அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் மதினியை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப் போயிருந்தான். அம்மா ஒயர் கூடையில் பழைய துணியை விரித்து, குட்டியை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். "எங்கயாவது பிழைக்கிற இடத்துல விட்டுட்டு வா. ஏட்டி, யார்ட்டயும் வாயத் திறக்காத." பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மாவு மில் உண்டு. அந்த மில் அண்ணாச்சி கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இங்கன கிடக்கட்டும் பிள்ளே, எலித் தொல்லை தாங்க முடியல" என்று வாங்கிக்கொண்டார்.

மதினி வந்ததும் முதலில் கொல்லைக்குத்தான் போனாள். அம்மா பின்னாலேயே போய், "செத்துப் போச்சும்மா. மாமா ஆத்தங்கரையில புதைச்சிட்டு வந்துட்டாவ" என்றாள்.

"வயித்தால போச்சா, அத்தை?"

அம்மாவின் பொய்க்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "ஆமா, காலைல இருந்தே" என்றாள்.

மதினி அழவில்லை. பாலாடையைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் காலையில் குழாயடியில் எனக்குக் குடம் தூக்கிவிடும்போது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எம் பாலுதான் புள்ள. அந்தப் பிள்ள மூணு நாள் அதத்தான் குடிச்சா. இதுவும் அதத்தான் குடிச்சுது." குட்டி அப்போது மாவு மில்லில் தவிட்டு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். என் இடுப்பில் குடம் இருந்தது. வாயில் சொல் இருந்தது. இறக்கி வைக்கத் தைரியம் இல்லாமல் இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்குள் போனேன்.

அந்தப் பூனையை நான் பல வருடங்கள் பார்த்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தது. மாவரைக்க வருகிறவர்கள் கை கழுவுகிற தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கும். ஒருமுறை மதினி சம்பா கோதுமை டப்பாவை எடுத்துக்கொண்டு, "நானே போயி அரைச்சிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். ஓடிப்போய் அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினேன். நாத்தனாரிடமே வேலை வாங்குகிறவள் என்று அவளை எல்லோரும் கேலி செய்தார்கள். என்னை நல்ல பிள்ளை என்றார்கள்.

இரண்டு வருடத்தில் மதினிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அம்மா பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. மதினி பிள்ளைக்குப் பால் கொடுக்க மறுத்துவிட்டாள். நர்ஸம்மா திட்டினார்கள், டாக்டரம்மா நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பால் கட்டி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதும் பிள்ளையை மார்புப் பக்கம் கொண்டுபோக விடவில்லை. "எனக்கு இந்தப் பிள்ள வேணும் அத்தை" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். குட்டி சாகவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு முந்தைய பொய்யையும் சொல்ல வேண்டும். மகன் முகத்திலும் மருமகள் முகத்திலும் எப்படி விழிப்பது என்று அம்மா நினைத்திருப்பாள். நான் என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. அம்மா சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நின்றேன். டின் பாலில்தான் அவன் வளர்ந்தான். மூன்று வயதுவரை சளி, இருமல், மாறி மாறிக் காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் மதினி ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாள். இப்போது அவன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான். அம்மா கடைசிவரை சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

போன வருடம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு என் மகள் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் காட்டப் போனபோது மாட்டாஸ்பத்திரி டாக்டர், "பசும்பால் குடுத்துராதீங்க, முக்கால்வாசிக் குட்டி அதுலதான் சாகுது. தாய் இல்லாத குட்டிக்குன்னே பால் மாவு இருக்கு. கொஞ்சம் வளர்ந்துட்டா தண்ணி போதும்" என்றார். மனுஷத் தாயின் பாலைக் குடித்தால் குட்டி சாகுமா என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அதுவும் பூனைக்கு ஏற்றதில்லை, ஆனால் அந்தக் கொஞ்சப் பாலால் ஒன்றும் ஆகாது, பிழைத்தது என்றால் தண்ணீரும் சூடும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட கைதான் காரணம் என்றார். வீட்டுக்கு வந்தேன்.  மூன்றாம் நாள் விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் எதிரில் உட்கார்ந்து, எந்த முன்னுரையும் இல்லாமல் சொல்லிவிட்டேன். அந்தக் குட்டி சாகவில்லை, நான்தான் அம்மாவிடம் சொன்னேன், நான்தான் கூடையில் கொண்டுபோய் விட்டேன் என்று. எந்தக் குட்டி என்று அவள் கேட்கவில்லை. கீரைக் காம்பு கையிலேயே நின்றது.

"எத்தன வருசம் இருந்துச்சு?"

"நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் பாத்தேன் மதினி. ஆறேழு வருசம் இருக்கும்."

"எம் பாலு அத ஒண்ணும் செய்யலியா?"

"ஒண்ணுமே செய்யல மதினி."

 வெளியே மில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"குட்டி போட்டுச்சா?"

"போட்டுச்சு. மூணு நாலு ஈத்து."

"பாலு குடுத்துச்சா, குட்டிக்கெல்லாம்?"

"குடுத்துச்சு மதினி. மூட்டைக்குப் பின்னால படுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கும்."

மதினி தலையை ஆட்டினாள். கீரையை மறுபடி உருவ ஆரம்பித்தாள். இலை எது காம்பு எது என்று பாராமல் எல்லாவற்றையும் முறத்தில் போட்டாள்.

"நாந்தான் அவனுக்குக் குடுக்கல" என்றாள்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. முறத்தை என் பக்கம் இழுத்து, விழுந்த காம்புகளைப் பொறுக்கிக்கொண்டு இருட்டும் வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.