மெஷின் மேசையில் துரு

இன்று பைக் சர்வீஸ் கடையில் மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாசம் அடித்ததும், செல்போன் கடையாகிவிட்ட எங்கள் உத்திரமேரூர் மரப்பட்டறை நினைவுக்கு வந்தது. அறுக்க, இழைக்க, துளைபோட என எல்லாவற்றுக்குமான அந்த ஒரே மெஷினை, ஞாயிறுதோறும் அப்பாவும் அக்காவும் மரத்தூள் தட்டி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, அதன் இரும்பு மேசைக்கு எண்ணெய் தடவிப் பராமரிப்பார்கள்.

"பிளேடு கீது, கிட்ட வராத சின்னவளே" என்பார் அப்பா என்னிடம்.

பொறாமையில் ஒரு சனிக்கிழமை மாலை, மேசைமேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். விடிந்தபோது துரு படர்ந்திருந்தது. சரியாக எண்ணெய் தடவவில்லையென்று அக்காவுக்குத் திட்டு விழுமெனக் காத்திருந்தேன்.

"நான்தான் எண்ணெ தடவாம வுட்டுட்டேன் போல. வாம்மா, தேச்சிடலாம்" என்றார் அப்பா அவளிடம்.

இருவரும் தோள் உரச உட்கார்ந்து, பொழுது சாயும்வரை உப்புத்தாளால் தேய்த்தார்கள். அந்தப் பகலை அவர்களுக்குக் கொடுத்ததே நான்தான் என்பது எனக்குத் தாங்கவில்லை.