மதிப்பீட்டாளருக்காகக் காத்திருந்த எஸ்தர் அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை வார்டில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாரணாபுரத்திலிருந்து முத்துலட்சுமி. எஸ்தர் அக்காவின் வீட்டில் குடியிருப்பவள், பட்டாசுக் கம்பெனியில் வேலை. "சிஸ்டர், நம்ம எஸ்தரம்மா போயிட்டாக. சேர்ல உக்காந்தபடியே போயிட்டாக" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

விருதுநகரில் எஸ்தர் அக்காவும் நானும் பல வருடங்கள் ஒரே வார்டில் செவிலியராக இருந்தோம். அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாடகை வீடுகளிலிருந்து பலமுறை காலிசெய்யச் சொல்லப்பட்டவர். கையிலிருந்த சங்கிலியை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, மல்லாங்கிணறில் விரிசல் விட்ட ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். நாங்கள் சிரித்தோம். அவர் கூரையை மாற்றி, கழிப்பறை கட்டி, தண்ணீர்க் குழாய் இழுத்து வாடகைக்கு விட்டார். பிறகு வங்கியில் வீட்டுக்குப் புதிதாக மதிப்புப் போடச் சொல்லிப் பெரிய கடனாக வாங்கி, பழைய கடனை அடைத்து, மீதியில் அடுத்த வீட்டை வாங்கினார்.

"வித்துட்டா ஒரு தடவதான் துட்டு, விமலா. வீடு கையில இருந்தா வாடகையும் வரும், அடுத்த வீட்டுக்கு வழியும் கெடைக்கும்" என்பார்.

மூன்றாவதாக வாங்கியதுதான் நாரணாபுரம் வீடு. இரண்டு குடித்தனங்கள். வாடகையில் கறார், குழாய் சொட்டினால் திட்டுவார். ஆனால் பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த மாதங்களில் வாடகை வராதபோது, காலிசெய்யச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதற்கு என்னைத்தான் திட்டினார். "கம்பெனி தொறக்காம அவுக எங்கன போவாக? நீ சும்மா இரு." வங்கித் தவணையைத் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார்.

இந்த வருடம் அந்த வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார். அதை வைத்துக் கடனை மாற்றப் போனபோதுதான் அலைச்சல் தொடங்கியது. பத்திரத்தில் 'எஸ்தர்', பட்டாவில் 'எசுதர்'. அதைத் திருத்த ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பியது. அது மறுபடியும் முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. ஒருநாள் நானும் கூடப் போனேன். மதியம்வரை நிற்கவைத்து, "நாளைக்கு வாங்க" என்றார்கள். படியிறங்கும்போது அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசிஜி எடுத்தது நான்தான். டாக்டர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குப் போகச் சொன்னார். நாற்பது வருடம் மற்றவர்களுக்கு நெஞ்சுவலி பார்த்த மனுஷி என்ன சொன்னார் தெரியுமா? "வெள்ளிக்கிழமை மதிப்புப் போட பேங்க் இன்ஜினியர் வாராரு. அவரு பாத்துட்டுப் போகட்டும். சனிக்கிழமை நீயே கூட்டிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய் என்றார். நான் அக்காவிடம் போனில் கத்தினேன். "இம்புட்டு நாளு பொறுத்தாச்சு, நாலு நாளுல என்ன ஆயிரும்?" என்று வைத்துவிட்டார். செவ்வாயன்று முதல் பஸ்ஸில் நாரணாபுரம் போய், அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முத்துலட்சுமி காப்பி கொண்டுவந்தபோது தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பயனில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக் கூடத்திலேயே கிடத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தும் புரியாமல், "ஓனரு இருக்காங்களா? ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

"உள்ளதான் இருக்காக. போய்க் கேளுங்க" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் அப்படிச் சொன்னது தப்புதான். வேறு யாரிடம் சொல்வது?

மறுநாள் விருதுநகர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். தீபாவளிச் சீசன் நேரம், லீவு போட்டால் கூலி போய்விடும். இருந்தும் குடித்தன வீட்டு ஆண்கள் எல்லோரும் வந்து பெட்டியைச் சுமந்தார்கள். எத்தனை கழுவியும் போகாத பட்டாசு மருந்துப்பொடி அவர்கள் நகக்கண்களில் வெள்ளியாக மின்னியது. அந்தக் கைகள்தான் மண் தள்ளின.

எஸ்தர் அக்கா, உங்களோடு இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதற்குள் எல்லோரும் உங்களை நிம்மதியாக அனுப்பிவைக்கச் சொல்கிறார்கள். போய் ஓய்வெடுங்கள்.