வெயிலுக்குப் புள்ளி போட்ட ஹுமைத்

பதுளை பஸாரில் குடைக்கடை வைத்திருக்கும் இப்றாஹீம் ஹாஜியாருக்கு, வானத்தில் தெரியும் எந்த மேகமும் மழை மேகம்தான். பங்குனி வெயிலில் தார் உருகினாலும், "பின்னேரம் ஊத்தும், ஒண்டு எடுத்திட்டுப் போங்க" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குடை விற்கிறவர் வேறென்ன சொல்வார்? அவருடைய மூத்த மகன் ஹுமைத்துக்கு வாய்த்த உத்தியோகம்தான் வேடிக்கை. அவன் சோலார் கம்பனியில் சேர்ந்தான். அங்கே எந்த மேகமும் சீக்கிரம் கலைகிற மேகம்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலைச்சரிவில் கம்பனி பெனல்களைப் பரப்பியிருந்தது. அந்த மின்சாரத்தில் ஓடும் பம்ப், கீழே ஆற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்துக் குழாயான பீலிக்குத் தண்ணீர் ஏற்றும். பழைய எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளை வெயில் எவ்வளவு என்று கம்பனியின் கம்பியூட்டர் முன்கூட்டியே சொல்லும். அதைக் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போதே, கணக்கப்பிள்ளை வாசிப்பார்: "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல தண்ணி!" அதை நம்பி வீட்டுக்கு ஒருத்தி மத்தியானத்தோடு மலையை விட்டு இறங்கி, அரைநாள் சம்பளமான அரைப் பேரோடு பீலிக்கரையில் போய் நிற்பாள். வெயில் அடித்தால் தண்ணீர். மூடுபனி இறங்கினால் தண்ணீரும் இல்லை. விட்டுவந்த அரைப் பேரோ யானை வாயில் போன கரும்பு. மடுல்சீமை மூடுபனிக்கு யாரும் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை.

கம்பியூட்டர் சொன்னதையும் பெனல் தந்ததையும் ஒப்பிட்டு, எவ்வளவு சரி என்று மாதாமாதம் நூற்றுக்குப் புள்ளி போடுவது ஹுமைத்தின் வேலை. எப்போதும் தொண்ணூறு வீதத்துக்கு மேல்தான். மனேஜர் ஷிராஸ் அந்தப் புள்ளிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒபிஸ் வாசலில் மாட்டியிருந்தார். அதைக் காட்டித்தான் மற்றத் தோட்டங்களையும் பிடிக்கப் போகிறார். ஹுமைத்தின் உம்மா நளீரா, மகன்தான் வெயிலுக்கே புள்ளி போடுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் மீட்டர் பார்க்க அவன் தோட்டத்துக்குப் போனபோது, மூடுபனியில் எதிரில் நிற்கும் ஆள் தெரியவில்லை. பீலிக்கரையில் வெறும் வாளிகளோடு பெண்கள் நின்றார்கள். அவர்களில் கொழுந்து பறிக்கும் சிவசக்திக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சேர்தான் அந்தத் தொண்ணூறு போடுறவங்களா?"

"ஓம்."

"அதுல ஒரு குடத்த இங்கிட்டு ஊத்துங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹுமைத்துக்குச் சிரிப்பு வரவில்லை, சுருக்கென்று தைத்தது.

திரும்பி வந்து கணக்கைக் குடைந்து பார்த்தான். குட்டு வெளிப்பட்டது. கணக்கில் ராத்திரியும் சேர்ந்திருந்தது! ராத்திரி வெயில் வராது என்று கம்பியூட்டர் சொன்னது, வரவில்லை, முழுப் புள்ளி. தினமும் ராத்திரி முழுக்க இப்படி முழுப் புள்ளி. பகலை மட்டும் எடுத்துப் பார்த்தால் எண்பதைத் தாண்டவே மூச்சு வாங்கியது; பெண்கள் தண்ணீருக்கு நிற்கும் மத்தியான நேரத்துக்கோ பாதிதான்.

ஷிராஸ் அசரவில்லை. "ராவும் நாள்ல ஒரு பகுதிதானே ஹுமைத்? எங்கட கம்பனி ராப்பகலா உழைக்குது."

"ராவையில யாரும் வெயில் கேக்கல்ல சேர்."

ஹுமைத் விடவில்லை. பிடிவாதத்தில் அவன் வாப்பாவையே மிஞ்சியவன். கடைசியில் ஷிராஸ் இறங்கி வந்தார். "சரி, ராவ விடுங்க. பகல்லயும் தொண்ணூறு வர நான் வழி செய்றன்."

மலையில் பனியைக் கவனிக்க ஒரு கருவி வைப்பார், கம்பியூட்டரைத் திருத்துவார் என்று ஹுமைத் நம்பினான். அடுத்த மாதம் பகற்புள்ளி மட்டுமே தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு, சிவசக்தியின் வாயை அடைக்க அடுத்த பஸ்ஸிலேயே ஏறினான்.

மலையில் வெயில் கொளுத்தியது. பீலி காய்ந்து கிடந்தது. அதே பெண்கள், அதே வெறும் வாளிகள்.

பம்ப் அறைக்கு ஓடினான். பம்பைப் பார்த்துக்கொள்ளும் சுரேஸ் கதவடியில் குந்தியிருந்தான்.

"பம்ப் பழுதா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு. இப்பல்லாம் தெனமும் வெயில் கொஞ்சந்தான்னு கம்பியூட்டர் சொல்லுது. அந்த அளவு வந்ததும் நிப்பாட்டிரணுமாம். மனேஜர் சேரோட ஓடர்."

கம்பியூட்டர் குறைத்துச் சொல்லும். சொன்னதற்கு மேல் ஒரு சொட்டு ஓடவிடமாட்டார்கள். பிறகு சொன்னதும் நடந்ததும் ஏன் பொருந்தாது? இவன் ராத்திரியைக் கிண்டப் போய், உள்ள வெயிலுக்கும் பூட்டு விழுந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. ஹுமைத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது.

பின்னாலேயே வந்த சிவசக்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கிண்டல் செய்யவில்லை.

"முன்னெல்லாம் பனிக்குத்தான் தண்ணி நிக்கும் சேர். இப்ப வெயிலுக்கும் நிக்குது."

ஹுமைத் மஸ்கட் பெட்டியைச் சுரேஸின் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டான். பம்ப் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேட்டு லயத்தில் ஒரே கூச்சல். வாளி, குடம், குழந்தை குளிக்கும் பேசின் என்று ஒன்று விடாமல் பீலிக்கு வந்தன. வெயில் சாயும்வரை அவன் அந்த அறையை விட்டு நகரவில்லை.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது. ஷிராஸ்.

"என்ன ஹுமைத் இது? இண்டைக்கு மட்டும் இவ்வளவு பிழை! மாசத்துப் புள்ளியே விழுந்திட்டு. அங்க என்ன நடந்த?"

"தண்ணி வந்த சேர்."