ஆரணியிலிருந்து பார்த்தால் துபாய் மேற்கே

சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறவர்களுக்கு விடுமுறையே கிடையாது. உலகத்தில் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும் பால் வாங்கப் போன இடத்தில் நம்மிடம்தான் விளக்கம் கேட்பார்கள். என்னைப் போலவே இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரணியில் ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். 'சர்வதேச உறவுகள்: மேற்கு அல்லாத பார்வைகள்' என்று ஒரு விருப்பப் பாடம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஒருவழியாகப் போன வருடம் வாங்கிவிட்டேன். முதல்வர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. சேர்ந்த மாணவர்களில் ஒன்றிரண்டு பேர் கழன்றுகொண்டாலும் பாடத்தை எடுத்துவிடுவாராம். சேர்ந்ததே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அந்த ஒரு வருடத்தில் நடந்தவைதான் இவை.

சம்பந்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு கஸ்தூரி அம்மா வந்தார். கையில் மகளின் போட்டோவும் ஜாதகமும். உட்கார வைத்து காபி கொடுத்தேன். பட்டுப்புடவை விலை, கொசுத்தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். நான் 'வெளிநாட்டு உறவு' பார்த்துக் கொடுப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலோ கனடாவிலோ நல்ல பையன் இருந்தால் சொல்ல வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இது நாட்டுக்கும் நாட்டுக்கும் இருக்கிற உறவு, ஏன் சேருகிறார்கள், ஏன் முறித்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, போட்டோவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ பெரிய நாட்டுக்கெல்லாம் சம்பந்தம் பேசறீங்க, எம் பொண்ணுக்கு ஒரு பையன் பாக்க முடியாதா? நல்லாகீது போங்க!"

எது மேற்கு?

முதல் வகுப்பு. 'மேற்கு' என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம் என்று உலக வரைபடத்தை மாட்டினேன். இந்தத் துறையின் பெரும்பாலான கோட்பாடுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை, அவர்களுடைய போர்களையும் ராஜாக்களையும் வைத்தே உலகம் முழுவதையும் அளக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சந்தவாசல் பக்கத்திலிருந்து வருகிற இம்மானுவேல் கையைத் தூக்கினான். அவனுடைய அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். "மேடம், துபாய் நமக்கு மேற்கால தானே கீது? அப்ப அது மேற்கு நாடா?" இல்லை என்றேன். "ஆஸ்திரேலியா கிழக்கால கீது. அது?" அது மேற்கு நாடுகளில் சேர்த்தி என்றேன். "ஜப்பான்?" சில சமயம் மேற்கோடு உட்காரும், சில சமயம் உட்காராது என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பலவீனமாகக் கேட்டது.

வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "அப்ப மேற்குன்றது திசை இல்ல மேடம். ஒருத்தர் வூட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போய்க்கிற சொந்தக்காரங்க."

இதையே விளக்க நான் மூன்று பக்கக் குறிப்பு தயாரித்து வைத்திருந்தேன்.

லண்டன் வழி

பாடத்துக்குப் புத்தகம் வேண்டுமே. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சிந்தனைகளைப் பற்றிய புத்தகங்களாகத் தேடிப் பட்டியல் போட்டு நூலகர் பாஸ்கர் சாரிடம் கொடுத்தேன். எதையும் மேலோட்டமாகப் பார்க்கிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு புத்தகமும் எங்கே அச்சானது, எழுதியவர் எங்கே வேலை பார்க்கிறார் என்றெல்லாம் கணினியில் தேடினார். ஒன்று லண்டன். இன்னொன்று நியூயார்க். சீனச் சிந்தனையைப் பற்றி எழுதியவர் அமெரிக்காவில் பேராசிரியர். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதியவர் ஏதோ குளிர்ப் பிரதேசத்தில்.

அறிவு எங்கிருந்து வந்தாலும் அறிவுதானே சார் என்று சமாளித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "மேற்க குறை சொல்றதுக்கும் மேற்கேருந்துதான் பர்மிஷன் வரணுமா மேடம்?"

அணிசேராமை

ஒரு வாரம் வகுப்பில் அணிசேராமை நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வல்லரசுகளில் எதன் பக்கமும் சாயாமல் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தங்களுக்கென்று ஒரு வழி தேடிய கதை. அதே வாரம் ஆசிரியர் அறையிலும் இரண்டு வல்லரசுகள் உருவாகியிருந்தன. அறைக்கு ஏர்கூலரா, புது நாற்காலிகளா, இரண்டில் ஒன்றுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜன்னல் பக்கம் கூலர் அணி, சுவர்ப் பக்கம் நாற்காலி அணி. இரண்டு பக்கமும் என்னை இழுத்தார்கள். எனக்கு என்ன பெருமையோ, "நான் அணிசேரா நாடு" என்று நடு அறையில் நின்று அறிவித்துவிட்டேன்.

அன்று மாலை டீ வந்தது. கூலர் அணிக்குத் தனித் தட்டு, நாற்காலி அணிக்குத் தனித் தட்டு. நடுவில் நான் பேப்பர் திருத்துவது போல் நடித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், டீ எடுத்துவருகிற மல்லிகா அக்காவே மனசு கேட்காமல் அருகில் வந்து குனிந்து சொன்னார்: "உங்களுக்கு டீ அவங்க சொல்லிக்கிறாங்கன்னு இவங்களும், இவங்க சொல்லிக்கிறாங்கன்னு அவங்களும் நெனச்சிகினு கீறாங்க மேடம். ஜல்தியா ஏதாவது ஒரு பக்கம் சேந்துடுங்க, டீயாவது கெடைக்கும்."

பக்கத்து நாடு

இனி வருவதுதான் என் பாடத்துக்கே உலை வைத்த கதை. நம் நாட்டுப் பழைய மண்டலக் கொள்கையை நடத்தினேன். எல்லையைத் தொடுகிற அண்டை அரசன் இயல்பாகவே பகைவன். அவனுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் நமக்கு நண்பன். ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றேன். நித்யா எழுந்தாள். கைத்தறி வீட்டுப் பெண், நன்றாகப் பேசுவாள். "எங்க தெருவே உதாரணம் மேடம். பக்கத்து வூட்ல பவர்லூம் போட்டுக்கிறாங்க. நடுச்சுவரே ஆடுது. அவங்களோட பேச்சே கெடையாது. அதுக்கு அந்தாண்ட வூட்டு டீச்சரம்மா எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, அருமை, அருமை என்று பாராட்டிவிட்டேன். அப்போது கடைசி வரிசையில் ஷாலினி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அந்தப் பக்கத்து வூடு நாங்கதான் மேடம். இவங்க அப்பா காலையில தெருவுல தறிக்குப் பாவு நூல நீட்டிட்டா எங்க வண்டியே வெளிய எடுக்க முடியாது, அதையும் உதாரணமா எழுதிக்கங்க."

பேசிகினே இருப்பது

மறுநாள் இருவரும் வரவில்லை. அதற்கு மறுநாள் தனித்தனியாக வந்து, வேறு பாடத்துக்கு மாறிக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டு பெண்கள் போனால் பாடமும் போகும். ஆனால் அதைவிட, வகுப்பில் நான் சிரித்தது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் வாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்று கெஞ்சினேன்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்பு வைத்து ஒருவரைத் தோற்கடிக்க மாட்டார்கள். யார் முகமும் வாடாமல், எல்லோரும் ஒத்துக்கொள்கிற வரைக்கும் பேசுவார்கள். அதை நடத்திக் காட்டுவோம் என்றேன். சத்தம் போடுகிற நாடு ஒன்று, வழியை மறிக்கிற நாடு ஒன்று. பிரதிநிதிகளை மட்டும் மாற்றிவிட்டேன். சத்த நாட்டுக்கு நித்யா, வழி மறிக்கிற நாட்டுக்கு ஷாலினி. அந்த நேரம் பார்த்து முதல்வர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஷாலினிதான் முதலில் மேஜையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "பாவு நீட்டறதுக்கு எங்களுக்கு வேற எடம் கெடையாது. வெயில் ஏறிச்சின்னா நூல் போயிடும்." நித்யா அவளை ஒரு கணம் பார்த்தாள். "எங்க அண்ணன் வெளியூர் வேலைய வுட்டுட்டு இந்த மெஷின நம்பித்தான் வந்துக்கிறாரு. நிறுத்தச் சொன்னா எங்க போவாரு?" அதற்குப் பிறகு நான் பேசத் தேவை இருக்கவில்லை. பாவு நீட்டுகிற நாளை முந்தின நாளே சொல்லிவிடுவது, சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்திவைப்பது, தறிக்கு அடியில் ரப்பர் போடுவது என்று வகுப்பே சேர்ந்து பேசி முடித்தது. வெளியே போகும்போது இரண்டு பெண்களும் ஒன்றாகவே போனார்கள்.

அந்த வார இறுதியில் ஷாலினியின் அப்பா போன் செய்தார். எங்க வூட்டுச் சண்டைய காலேஜ்ல பாடமா வெச்சிட்டீங்களாமே என்றதும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். பொண்ணு வந்து பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலவே பேசினாளாம், அதைக் கேட்டுவிட்டு அவரே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாராம். ரப்பர் போட்டாகிவிட்டது, சத்தம் பாதிதான் குறைந்தது, ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை வந்துவிட்டது என்றார்.

பாடம் தப்பித்தது. அடுத்த வருடத்துக்கும் அனுமதி தருவதாக முதல்வர் அழைத்துச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும்போது யோசனையோடு நிறுத்தினார்: "எல்லாரும் பேசிகினே இருந்தா முடிவு வந்துடும்னு சொல்றீங்க. அப்ப நம்ம ஸ்டாஃப் மீட்டிங்ல மட்டும் ஏன் மேடம் வரவே மாட்டுது?"

இத்தனைக்கும் பிறகு இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: நாடுகள் என் பாடப்புத்தகத்தைப் படிப்பதில்லை, மாணவர்களும் படிப்பதில்லை, படிக்கிற ஒரே ஆளான எனக்குத்தான் அதில் தினம் ஒரு சந்தேகம்.