கேரியர் இல்லாத சைக்கிள்

கெய்ரோவில் இருபத்திரண்டு வருடமாக ரொட்டி சுமக்கிறவன் கலஃப். தலையில் கதவளவு மரத்தட்டு, அதன்மேல் இரண்டடுக்கு ரொட்டி. ஒரு கை தட்டைப் பிடித்திருக்கும், மறு கை சைக்கிளை ஓட்டும். தெருவில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். தட்டோடு கழுத்தைத் திருப்ப முடியாது. இதுவரை ஒரு ரொட்டிகூடக் கீழே விழுந்ததில்லை என்பான். அதில் பாதி பொய்.

அவன் மகள் துகாவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளில் ஓட்டப் பழகியவள், தனக்கும் ஒன்று கேட்டு ஒரு வருடமாக நச்சரித்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளை ஜிர்கிஸ் கடைக்குக் கூட்டிப் போனான். கலஃபுக்குப் பஞ்சர் ஒட்டியே தலை நரைத்தவர் ஜிர்கிஸ்.

வாசலில் தொங்கிய ரோஸ் சைக்கிளைத் துகா காட்டினாள். கலஃப் அதன் பெடலைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தகர டப்பா என்று ஒதுக்கினான். உள்ளேயிருந்து பச்சையில் ஒன்று வந்தது. சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. விலையைக் கேட்டுச் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்தவன், சரி என்றான்.

வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கல்யாணம் வரைக்கும் ஓட்டலாம் என்றார் ஜிர்கிஸ். ஊரே அப்படித்தான் வாங்கும். கலஃப் கேட்கவில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன். அந்தத் தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. துகாவை உட்காரவைத்து, இரண்டு காலும் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தான். பதிந்தது.

ஜிர்கிஸ் கேரியர் மாட்ட ஸ்பேனரை எடுத்தார்.

"அது வேணாம்."

"காசு கேக்கலப்பா. சும்மாதான் தர்றேன்."

"சும்மா குடுத்தாலும் வேணாம். கேரியர்னு ஒண்ணு இருந்தா எவனாச்சும் அதுல எதையாச்சும் ஏத்துவான்."

"பாரம் தூக்கித் தூக்கி உன் மூளை நசுங்கிப் போச்சு," என்றார் ஜிர்கிஸ். ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

மறுநாள் வெள்ளி, அவனுக்கு லீவு. அவன் சுமப்பது கடைகளுக்கான ரொட்டி. வீட்டுக்கானதைத் தெருமுனை ரொட்டிக்கடையில் வரிசையில் நின்று வாங்கி வருவது துகாவின் வேலை. காலையில் அவன் மனைவி சப்ரிய்யா துணிப்பையை எடுத்து சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினாள். தினமும் நடந்து போகிற பிள்ளை இனிமேல் சைக்கிளில் போகட்டுமே என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். கேரியரை யோசித்தவன் ஹேண்டில்பாரை யோசிக்கவில்லை.

கலஃப் எழுந்து வந்து பையைக் கழற்றினான்.

"ரொட்டி நான் வாங்கியாறேன்."

"லீவு நாள்லயாச்சும் அந்த ரொட்டி மூஞ்சில முழிக்காம இருக்கக் கூடாதா?" என்றாள் சப்ரிய்யா.

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வரிசையில் அவனுக்கு முன்னால் முப்பது பேர். ரொட்டிக்காரனே ரொட்டிக்கு நிற்கிறானே என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

பின்னாலிருந்து மணிச்சத்தம் கேட்டது. "வாப்பா, இங்க பாரு," என்று கத்திக்கொண்டே துகா வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிப் போனாள். கலஃப் கழுத்தைத் திருப்பி, தெருக்கோடியில் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.